கட்டுமரத்தின் பெயரில் பறக்கும் படகு

ஒரு படகில் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் இணைந்தே செல்ல வேண்டும் என்ற விதியோடு 2016ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்கில் நுழைந்த நாக்ரா 17 என்னும் பந்தயப் படகு, உலகெங்கும் 'கேட்டமரான்' என்ற வகையில் வைத்துப் பேசப்படுகிறது. அந்தச் சொல் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பது தமிழ் வாசகர் பலருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் சொல் போன வழியில் பொருள் போகவில்லை என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஆங்கிலேய மாலுமியான வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இக்கரை மக்களின் மிதவைகளை இந்தப் பெயரால் குறித்தார். பின்னர் பசிபிக் தீவுகளில் இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்த கலங்களைக் கண்ட ஐரோப்பியர், பொருள் வேறு என்பதைப் பொருட்படுத்தாமல் அதே சொல்லை அவற்றின்மீது ஏற்றிவிட்டனர். ஆகவே இன்று கேட்டமரான் எனப்படுவது, உருவில் பாலினேசியரின் இரட்டை ஓடம். பெயரில் மட்டுமே தமிழரின் கட்டுமரம்.

பெயர் தந்த அந்தக் கட்டுமரத்தைக் காணச் சோழமண்டலக் கரைக்கே திரும்புவோம். பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அங்கிருந்து வடக்கே காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று நீளும் திருவள்ளூர் மாவட்டக் கரையில் சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை கட்டுமரமே அன்றாடக் கலம். மலைவேம்பு போன்ற இலேசான மரங்களின் தண்டுகளை முனை மேல்நோக்கி வளையச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பக்கத்தில் பக்கமாக அடுக்கி, முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் கயிற்றால் இறுக்குவார்கள். ஆணி கிடையாது, பலகை இணைப்பு கிடையாது, அலை மேலே புரண்டால் நீர் மர இடுக்குகள் வழியே தானே வடிந்துவிடும். தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவார்கள், ஏனெனில் ஊறிய மரம் மிதப்பை இழக்கும். பாயேற்றி ஓடும்போது காற்று கலத்தைப் பக்கவாட்டில் தள்ளாமலிருக்க ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்கிப் பிடிப்பதும் உண்டு. இந்தப் பலகையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் பின்பகுதியில் அது கார்பன் இழையில் வார்க்கப்பட்டுத் திரும்ப வரும்.

உருவில் ஒற்றுமை இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னதாகும். கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்று ஓர் இடமில்லை. அது நீரைத் தடுத்து வைக்கும் கிண்ணம் அன்று, நீர் ஏறி இறங்கிப் போகும் மிதவை. நாக்ராவின் இரண்டு உடல்களும் முழுவதும் அடைக்கப்பட்ட குழல்கள். அவற்றுக்கு நடுவில் இழுத்துக் கட்டப்பட்ட வலைத்தட்டின் மேல்தான் இருவரும் இயங்குகிறார்கள், மேலே விழும் கடல்நீர் வலைக் கண்கள் வழியே கீழே போய்விடுகிறது. படகு முழுவதுமாகக் கவிழ்ந்தாலும் இறைக்க வேண்டிய நீர் என்று ஒன்றும் இல்லை. நிமிர்த்தினால் ஓடத் தொடங்கலாம். உடைந்து சுழலும் அலைகளின் ஊடே கரையிலிருந்து புறப்பட வேண்டிய மீனவருக்கும், வேகத்தால் அடிக்கடி கவிழும் பந்தய வீரருக்கும் ஒரே தேவை ஏற்பட்டபோது ஒரே விடை கிடைத்திருக்கிறது. பெயர் தவறாகப் பொருத்தப்பட்டாலும் முற்றிலும் பொருந்தாமல் போகவில்லை.

பாய்மரக் கலத்தின் அடிப்படைச் சிக்கல் எளிதானது: காற்று உயரத்தில் பாயைத் தள்ளுகிறது, நீர் தாழ்வில் உடலைத் தடுக்கிறது, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள உயரம் நெம்புகோலாகிக் கலத்தைச் சாய்க்கிறது. பெரிய ஒற்றையுடல் படகுகள் இதை எதிர்க்க அடியில் ஈயம் அல்லது இரும்பாலான எடையைத் தொங்கவிடுகின்றன. ஆனால் அந்த எடையைப் போகுமிடமெல்லாம் இழுத்துச் செல்ல வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. பந்தயப் படகில் எடைதான் தண்டனை. இரட்டையுடல் படகு எடைக்குப் பதிலாக அகலத்தைப் பயன்படுத்துகிறது. நாக்ரா 17இன் நீளம் 5.25 மீட்டர், அகலம் 2.59 மீட்டர், அதாவது நீளத்தில் ஏறத்தாழப் பாதி. படகின் எடையோ ஏறத்தாழ 160 கிலோதான். இவ்வளவு இலேசான பொருளின் மேல் ஒன்பது மீட்டர் அளவிலான கார்பன் இழைப் பாய்மரத்தை நிறுத்தி, 14 சதுர மீட்டரைக் கடக்கும் பெரும்பாய் ஒன்றையும், அதற்கு முன்னால் சிறுபாய் ஒன்றையும், காற்றோடு ஓடும்போது 18 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பலூன் பாய் ஒன்றையும் விரிக்கிறார்கள்.

இந்தப் படகு ஏன் கவிழாமல் நிற்கிறது என்பதைச் சிறு கணக்கொன்றால் காணலாம். காற்று வீசும் பக்கத்து உடல் நீரைவிட்டு எழும் தறுவாயில், மறுபக்கத்து உடலே ஊன்றுபுள்ளியாகிறது. படகின் எடை அப்புள்ளியிலிருந்து சுமார் 1.2 மீட்டர் தொலைவில் செயல்படுவதாகக் கொண்டால், 160 கிலோவை 1.2ஆல் பெருக்க 192 கிடைக்கும். படகோட்டிகள் இருவரும் இடுப்பில் கட்டிய பட்டையைப் பாய்மரத்தின் உயரத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டி, காலை உடலின் விளிம்பில் ஊன்றி, முதுகைக் கடலுக்குக் காட்டிப் படுத்தாற்போல் வெளியே நீள்கிறார்கள். இதற்கு ட்ரபீஸ் என்று பெயர். அப்போது அவர்களின் உடல் எடையின் மையம் ஊன்றுபுள்ளியிலிருந்து ஏறக்குறைய 3.4 மீட்டர் தள்ளிப் போகிறது. இருவரும் சேர்ந்து 130 கிலோ என்றால் பெருக்குத்தொகை 442. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மனித உடலிலிருந்தே வருகிறது என்பதுதான் இக்கணக்கின் பொருள். நாக்ராவில் ஆட்கள் படகை ஓட்டுவதோடு நிற்கவில்லை, அதன் கட்டமைப்பில் ஓர் உறுப்பாகவும் இருக்கிறார்கள்.

அகலம் கவிழாமையைத் தருகிறது என்றால், ஒவ்வோர் உடலின் ஒடுக்கம் வேகத்தைத் தருகிறது. நீரைப் பிளந்து போகும் எந்தக் கலமும் முனையில் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அலையின் நீளம் கூடி, அது கலத்தின் நீளத்தை எட்டும்போது, கலம் தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் சிக்கி, மேடேற முடியாமல் தவிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நீர்த்தொட்டியில் மாதிரிகளை இழுத்துப் பார்த்து வகுத்த இந்த எல்லை, 5.25 மீட்டர் நீளமுள்ள வழக்கமான படகுக்கு மணிக்கு சுமார் 10 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். ஆனால் கத்திபோல் ஒடுங்கிய உடல் எழுப்பும் அலை மிகச் சிறியது. அந்த எல்லை அதை அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. தனியாக நின்றால் உருண்டுவிடும் அளவுக்கு ஒடுங்கிய உடலை இன்னொன்றோடு பிணைத்தால் மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதுதான் இரட்டையுடலின் முழு இரகசியம். இதை 1876இல் நியூயார்க்கில் நத்தானியேல் ஹெரெஷாஃப் தம் 'அமரில்லிஸ்' படகால் மெய்ப்பித்து, பந்தயத்துக்கு வந்த ஒற்றையுடல் படகுகளையெல்லாம் முந்தினார். எதிர்ப்பு எழுந்தது, அவருடைய படகு இனி அவற்றோடு போட்டியிடக் கூடாதென்று ஒதுக்கப்பட்டது. வேகமாகப் போனதற்காக வெளியேற்றப்படுவது விளையாட்டு வரலாற்றில் புதிதல்ல. ஆனால் இந்த ஒதுக்கல் இரட்டையுடல் பந்தயப் படகுகளின் வளர்ச்சியைப் பல பத்தாண்டுகள் தள்ளிப்போட்டது.

ஒலிம்பிக்கில் இவ்வகைக்கு இடம் கிடைத்தது 1976இல், டொர்னேடோ என்ற படகின் வழியே. 2008 வரை நீடித்த அது 2012 லண்டன் போட்டியில் நீக்கப்பட்டது. இரட்டையுடல் மீண்டும் சேர்க்கப்பட்டபோது ஒரு புதிய நிபந்தனையும் கூடவே வந்தது: இணை, கலப்பு இணையாக இருக்க வேண்டும். 2012இல் ஸ்பெயினின் சாந்தாந்தர் நகரில் பல மாதிரிகளைக் கடலில் ஓட்டிப் பார்த்த பின், அமெரிக்க வடிவமைப்பாளர்களான மொரெல்லி, மெல்வின் இருவரின் நாக்ரா 17 தேர்ந்தெடுக்கப்பட்டது. நாக்ரா என்பது வட அமெரிக்கக் கேட்டமரான் பந்தயச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள் சேர்ந்த சொல். அதன் நடு எழுத்தில் கட்டுமரம் ஒளிந்திருக்கிறது. படகைத் தயாரிப்பது இன்று நெதர்லாந்து நிறுவனம். 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, கட்டுமரங்கள் அலையைக் கடப்பதை நாள்தோறும் பார்த்திருந்தவர்களும் நெதர்லாந்துக்காரர்களே என்பது வெறும் தற்செயல்தான். அதில் வேறு பொருள் தேட வேண்டியதில்லை.

முதல் வடிவத்தில் நாக்ரா பறக்கவில்லை. நீருக்குள் இறங்கும் அதன் பக்கப் பலகைகள் வளைந்திருந்ததால் படகின் எடையில் ஒரு பகுதியை மட்டும் தூக்கின. உடல் நீரை உரசிக்கொண்டே ஓடியது. 2013இல் அமெரிக்கா கோப்பைப் போட்டியின் மாபெரும் இரட்டையுடல் படகுகள் நீருக்கு மேலெழுந்து பறந்த காட்சிக்குப் பின், ஒலிம்பிக் படகு மட்டும் தரையில் நடப்பது பழமையாகத் தோன்றத் தொடங்கியது. 2017இல் பலகைகளும் சுக்கான்களும் மாற்றப்பட்டு, நாக்ரா 17 முழுமையாகப் பறக்கும் படகானது.

'பறக்கும்' என்பது உயர்வு நவிற்சி அன்று. கட்டுமரத்துப் பலகை நேராக நிற்கும். நாக்ராவின் பலகையோ பாதி ஆழத்தில் உட்புறமாக மடங்கி, ஆங்கில இசட் எழுத்தை நினைவூட்டும் வடிவில், நீருக்குள் ஒரு சிறு விமான இறக்கையாகக் கிடக்கிறது. நேர்ப்பகுதி பக்கவாட்டு நழுவலைத் தடுக்கிறது, மடங்கிய பகுதி படகைத் தூக்குகிறது. விமான இறக்கையில் நிகழ்வதே இங்கும் நிகழ்கிறது: நீரோட்டம் கீழ்நோக்கித் திருப்பப்படுவதால் இறக்கை மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. வேறுபாடு என்னவென்றால், கடல்நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது; ஆகவே இறக்கை மிகச் சிறியதாக இருந்தாலே போதும். படகும் ஆட்களும் சேர்ந்து 300 கிலோ என்று கொண்டு, மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நடுத்தரச் சாய்வில் இறக்கை ஓடுவதாகக் கணக்கிட்டால், அரைச் சதுர மீட்டருக்கும் குறைவான பரப்பே முழு எடையையும் தாங்கிவிடும்; ஒரு வீட்டுக் கதவில் கால்பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். தூக்குவிசை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், வேகம் இரட்டித்தால் தேவைப்படும் பரப்பு நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. உடல்கள் நீரைவிட்டு எழுந்தபின் உராய்வு பெருமளவு நீங்கி, காற்றுச் சாதகமாக இருக்கையில் படகு மணிக்கு 37 கிலோமீட்டரை, அதாவது 20 நாட் வேகத்தை, எளிதில் கடக்கிறது.

பறக்கும் நாக்ரா, வீசும் காற்றையே முந்துவதும் உண்டு. இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும்: காற்றால் தள்ளப்படும் படகு எப்படிக் காற்றைவிட வேகமாகப் போக முடியும்? காற்றே வீசாத நாளிலும் திருவள்ளூர் சாலையில் இருசக்கர வண்டியில் போகிறவர் முகத்தில் காற்று அடிக்கிறது; அது வண்டியின் வேகம் உண்டாக்கிய காற்று. படகின் பாய் உணர்வதும் இயற்கைக் காற்றும் இந்த ஓட்டக் காற்றும் கலந்த ஒன்றையே. குறுக்காக ஓடும் படகின் வேகம் கூடும்தோறும் இந்தக் கலப்புக் காற்றும் வலுத்து, முன்புறமாகத் திரும்புகிறது. உராய்வு குறைந்த படகு அதிலிருந்தும் விசையை உறிஞ்சிக்கொண்டே போகிறது. வாடையோ கச்சானோ, எந்தக் காற்று வீசினாலும், பறக்கும் நாக்ராவில் இருப்பவர்களின் முகத்துக்குப் பெரும்பாலும் எதிர்க்காற்றே அடிக்கும்.

தூக்குவது எளிது, தூக்கியதை ஒரே உயரத்தில் நிறுத்துவதுதான் கடினம். படகு அளவுக்கு மீறி எழுந்தால் இறக்கை நீர்மட்டத்தை நெருங்கி மேலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. நீரை நம்பிய இறக்கை காற்றுக்குமிழில் சிக்கியதும் தூக்குவிசை கணத்தில் அறுந்து, படகு முனை குத்த விழுகிறது. இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, மடங்கிய பலகையின் வடிவத்திலேயே உள்ளது: படகு மேலெழும்போது நேர்ப்பகுதி நீருக்கு வெளியே வந்து பக்கத் தடுப்புக் குறைய, படகு சற்றே நழுவுகிறது, அந்த நழுவல் மடங்கிய பகுதியின்மேல் நீர் மோதும் கோணத்தைக் குறைத்துத் தூக்குவிசையைத் தணிக்கிறது. இரண்டாவது, சுக்கான்களின் அடியில் கவிழ்த்த டி எழுத்தைப் போல் பொருத்தப்பட்ட கிடை இறக்கைகள்; இவை விமானத்தின் வால்போல் முனை ஏறுவதையும் தாழ்வதையும் கட்டுப்படுத்துகின்றன. டோக்கியோ போட்டிக்குப் பின் சுக்கானின் சாய்வை ஓட்டத்தினூடேயே மாற்றிக்கொள்ளும் அமைப்பு வந்ததால், காற்றை எதிர்த்து ஏறும்போதும் பறப்பது இப்போது இயல்பாகியிருக்கிறது.

விலையில்லாமல் வந்த வேகம் அன்று இது. 2017இல் பிரான்சின் லா கிராண்ட் மோத் நகரில் உலகப் போட்டிக்கான பயிற்சியின்போது படகு கவிழ்ந்ததில் அமெரிக்க வீரர் ஒருவர் விரல் நுனிகளை இழந்தார். நீருக்குள் கத்திபோல் பாயும் கார்பன் விளிம்புகள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் படகு இது. தலைக்கவசமும் உடல் காப்பும் அணிந்தே இன்று இதில் ஏறுகிறார்கள்.

கலப்பு இணை என்ற விதி சமத்துவத்துக்காகக் கொண்டுவரப்பட்டது; ஆயினும் இப்படகின் பொறியியலோடு அது எதிர்பாராத பொருத்தம் கொண்டிருக்கிறது. பறக்கும் படகுக்கு மிகை எடையும் பகை, குறை எடையும் பகை. கனத்த இணை பலமான காற்றில் நெம்புகோலாக உதவும், மெல்லிய காற்றிலோ இறக்கையைத் தூக்கவிடாது. இரண்டு பெரிய ஆண்கள் இதற்கு மிகுதி. நெடிய ஒருவரும் இலேசான ஒருவரும் சேர்ந்து வரும் மொத்த எடை இப்படகுக்கு ஏற்ற எல்லைக்குள் இயல்பாக விழுகிறது. ஆண்தான் சுக்கான் பிடிக்க வேண்டும் என்று விதியில் இல்லை, பெண்கள் சுக்கான் பிடிக்கும் இணைகளும் உண்டு.

வேலைப் பங்கீட்டைக் கிட்டத்தில் பார்த்தால் 'உதவியாளர்' என்ற சொல் இங்கே பொருந்தாது என்பது விளங்கும். காற்றை எதிர்த்து ஏறும்போது சுக்கான் பிடிப்பவர் திசையைக் கவனிக்க, பெரும்பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு மற்றவர் கையில் இருக்கிறது. வேகத்தை உண்டாக்குவதும் விடுவதும் அந்தக் கையே. காற்று வரும் திசையிலுள்ள பந்தயக் குறியைச் சுற்றியதும் அதே ஆள் சில நொடிகளில் வலைத்தட்டுக்குத் தாவி, கையை மாற்றி மாற்றி இழுத்துப் பலூன் பாயை மேலேற்றி, அதன் கயிற்றைப் பற்றிக்கொண்டு மீண்டும் கம்பியில் தொங்க வேண்டும். பெரும்பாய்க் கயிறு அதற்குள் சுக்கான்காரரிடம் போய்விடும். அப்போது இருவரும் படகின் பின்கோடிக்கு நகர்ந்திருப்பார்கள், ஏனெனில் ஒரு காலடி முன்னே நின்றாலும் முனை தாழும். காற்று திடீரென வலுத்தால் ஒருவர் கயிற்றைத் தளர்த்துவதும் மற்றவர் சுக்கானைத் திருப்புவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும்; சொல்லிச் செய்ய நேரமில்லை.

இதனால்தான் நீண்டநாள் சேர்ந்து ஓட்டிய இணைகளுக்கு இங்கே பெரும் மதிப்பு. ரியோவில் தங்கம் வென்ற அர்ஜென்டினாவின் சாந்தியாகோ லாங்கேவுக்கு அப்போது 54 வயது. முந்தைய ஆண்டு புற்றுநோய்க்காக நுரையீரல் அறுவை செய்துகொண்டவர் அவர். அவரோடு ஓட்டிய செசிலியா கரான்சா இல்லாமல் அந்த வெற்றியை விளக்க முடியாது. அடுத்த இரு ஒலிம்பிக்குகளிலும், அதாவது டோக்கியோவிலும், பாரிஸ் போட்டிகளுக்காக மார்செய் கடலில் 2024இல் நடந்த பந்தயத்திலும், இத்தாலியின் ருஜ்ஜேரோ தீத்தா, கத்தரீனா பாந்தி இணையே தங்கத்தைத் தட்டிச் சென்றது.

கட்டுமரத்தின் பெயரைத் தாங்கிய இந்தப் பிரிவில் 2024 வரை ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து எவரும் சென்றதில்லை. திறமைக்குக் குறைவில்லை: 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு பாய்மரப் படகோட்டச் சங்கமும் சென்னைத் துறைமுகத்தின் நிழலிலேயே தலைமுறைகளை வளர்த்திருக்கின்றன, ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் பாய்மரப் படகோட்டி நேத்ரா குமணன் சென்னைக்காரர், டோக்கியோவில் கே. சி. கணபதியும் வருண் தக்கரும் இருவர் ஓட்டும் ஒற்றையுடல் படகில் போட்டியிட்டனர். ஆனால் ஒருவர் ஓட்டும் படகு வாங்குவதும் நாக்ரா 17 வாங்குவதும் ஒன்றல்ல. விலை பன்மடங்கு, ஒரு பலகை உடைந்தால் மாற்றுப் பலகை தொலைவிலிருந்து வர வேண்டும், எதிரில் ஓட்டிப் பழக அதே படகு இன்னும் பல வேண்டும். ஒற்றைப் படகு வைத்துக்கொண்டு பந்தயம் கற்க முடியாது. தடை கடலில் இல்லை, கரையில்தான் இருக்கிறது.

பழவேற்காட்டுக் கரையில் இப்போது கட்டுமரம் அருகிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகின; கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் நனைத்து அச்சில் அடுக்கும் அதே அடிப்படைத் தொழில்நுட்பந்தான் நாக்ராவின் உடலிலும் உள்ளது, நடுவில் நுரைத் தகடு வைத்து எடையைக் குறைப்பதும் பலகைக்கும் பாய்மரத்துக்கும் கார்பன் இழையைப் பயன்படுத்துவதுமே மேலதிகம். ஃபைபர் படகை எவரும் அவிழ்ப்பதில்லை. நாக்ராவை அவிழ்க்கிறார்கள்: கப்பல் வழியே சரக்கு செல்லும் எஃகுப் பெட்டகத்தின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர், படகின் அகலமோ 2.59 மீட்டர் என்பதால், போட்டி முடிந்ததும் குறுக்குக் குழாய்களின் மரைகளைக் கழற்றி இரண்டு உடல்களையும் தனித்தனியே எடுத்து, துடைத்து உலர்த்தி, அடுத்த கடலுக்கு அனுப்புவதற்காகப் பெட்டகத்துக்குள் அடுக்குகிறார்கள்.